பத்தொன்பதாவது சுற்று

அவளை ஓட்டப் பயிற்சி விடுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிகாரம் என்று சொன்னால்தான் தெரியும். சேர்ந்த புதிதில் மாஸ்டர் அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மைதானத்தை ஒரு சுற்று, எண்பது விநாடியில் ஓடி வா என்றார். ஓடினாள். எண்பதில் வந்து நின்றாள். இன்னொரு முறை அனுப்பினார், மறுபடியும் எண்பது. சரி, எழுபத்தெட்டு கொடு என்றார். கால் கிலோ கேட்டால் கால் கிலோ நிறுத்துப் போடும் கடைக்காரர் மாதிரி, எழுபத்தெட்டையே கொண்டுவந்து கொடுத்தாள். மாஸ்டர் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. அன்றைக்குச் சிரித்தார். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. வீட்டில் ஓட்டத்துக்கும் யாருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்பா கடைசியாக ஓடியது பேருந்தைப் பிடிக்கத்தான், அதையும் தவறவிட்டுவிட்டார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். கல்லூரிப் போட்டியில் யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, இருபது வயதில் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு வந்துவிட்டாள். பிறகு விளையாட்டு வீராங்கனைக்கான ஒதுக்கீட்டில் மின்சார அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. பகல் பதினொன்றுக்குப் போய்க் கட்டண ஜன்னலில் உட்காருவாள், மாலைப் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவாள். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. என்னம்மா, சாப்பிடறதே இல்லையா, காத்தடிச்சா பறந்துடுவ போலிருக்கே என்று கேட்டுவிட்டு மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு போவார்கள்.

பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவர்கள் தினமும் உயிரை விட்டு ஓடுவார்கள் என்றுதான் நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சுத்தத் தப்பு. வாரத்தில் இரண்டு நாள்தான் நெருப்பு. அந்த இரண்டு நாளும் ஆயிரம் ஆயிரம் மீட்டராக வெட்டி ஓடுவார்கள், நடுவில் மூச்சு பாதி திரும்பும்போதே அடுத்ததற்கு விசில் அடித்துவிடுவார் மாஸ்டர். முழுசாகத் திரும்ப விடமாட்டார், அதில்தான் சூட்சுமமே. ஞாயிறு காலை நெடுந்தூரம். மற்ற நாளெல்லாம் மெதுவோ மெது. ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்துகொண்டு, பேசிக்கிட்டே ஓடணும், மூச்சு வாங்கினா இன்னைக்கு நீ தப்பா ஓடுற என்று கத்துவார். மெதுவாக ஓட வேண்டிய நாளில் வேகத்தைக் காட்டுகிற பிள்ளை, வேகம் வேண்டிய நாளில் கையை விரிக்கும் என்பது அவர் கட்சி. எத்தனையோ பயிற்சியாளர்கள் தெரிந்தே செய்யும் அந்தத் தப்பை அவர் செய்ததில்லை. வருஷத்தில் இரண்டு முறை மலை மேலிருக்கும் முகாமுக்கு அழைத்துப் போய், காற்று மெலிந்த இடத்தில் வாரக்கணக்கில் ஓடவிட்டு, ரத்தத்தைக் கெட்டியாக்கிக் கீழே கொண்டுவருவார். ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தே யாருக்கு எந்தக் கால் சரியில்லை என்று சொல்லிவிடுவார். கெட்டிக்காரர்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றைத்தான்.

திங்கட்கிழமை காலை, விடுதி நடையில் எடை பார்க்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒவ்வொருத்தியாக ஏறி இறங்க வேண்டும். குறைத்துச் சாப்பிடு என்று மாஸ்டர் ஒருநாளும், ஒருத்தியிடமும் சொன்னதில்லை. முள்ளைப் பார்த்து ‘ம்’ என்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த ‘ம்’மில் இரண்டு வகை உண்டு. குறைந்திருந்தால் சட்டென்று முடிகிற ‘ம்’. கூடியிருந்தால் கொஞ்சம் இழுத்த ‘ம்’. அந்த இழுவைக்குப் பயந்து எட்டுப் பெண்களும் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி வாழ்ந்தார்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டில் சோற்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிப் பாதியைக் குப்பைக்கு அனுப்பினார்கள். பெற்றவர்கள் பார்த்திருந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள்.

அந்த எட்டுக் கட்டில் அறையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வெளியில் யாருக்கும் தெரியாது. எவளுக்காவது மாதவிலக்கு நின்று மூன்று மாதம் ஆகிவிட்டால், அவள் தன் அலமாரியில் மிச்சமிருக்கும் நாப்கின் பாக்கெட்டுகளை எடுத்து, அறைக்குக் கடைசியாக வந்த பெண்ணின் கட்டிலில் வைப்பாள். எல்லாரும் கை தட்டுவார்கள். அறையிலேயே மூத்தவளைப் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள், அவள்தான் கட்டிப்பிடித்து, “இறங்கிட்டடி நீ” என்பாள். உடம்பு ஓட்டத்துக்கு இறங்கிவிட்டது, கொழுப்பெல்லாம் போய்ச் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. பெரியக்காவுக்கு அவளுக்கு முந்தைய பெரியக்கா சொன்னது. இன்னும் நிற்காதவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வாள், தனக்கு உழைப்புப் போதவில்லையோ என்று.

சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள். உலகத்தில் எந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு அது தள்ளிப்போனாலும் பெற்றவள் விரல் விட்டு நாளை எண்ணுவாள். இங்கே கை தட்டினார்கள். இதை மாஸ்டரிடம் யார் போய்ச் சொல்வது? ஆண்பிள்ளை, அப்பா வயசு. அவரும் கேட்கவில்லை. பெண்பிள்ளைகள் சமாச்சாரம், ஏதாவது கோளாறு என்றால் பெரிய பெண்கள் வந்து சொல்ல மாட்டார்களா என்று இருந்துவிட்டார். அவர் மேல் பழி போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடலாம்தான். எனக்கு மனசு வரவில்லை. கெட்ட எண்ணம் அந்த வளாகத்தில் யாரிடமும் இல்லை, வெட்கம் மட்டும் எல்லாரிடமும் இருந்தது.

கடிகாரத்துக்கு இருபத்திரண்டு வயதில் நின்றது. தலைவிதியைப் பாருங்கள், அந்த வருஷம்தான் அவள் ஓட்டமும் பிடித்தது. போன இடமெல்லாம் பதக்கம். அதற்குப் பிறகு யார் சொல்லி யார் கேட்பது? லீவில் வீட்டுக்குப் போனால் அம்மா குரலைத் தாழ்த்தி, எல்லாம் ஒழுங்கா வருதாடி என்று கேட்பாள். வருதும்மா, வருது என்பாள். அம்மா நம்பினாள். பெற்ற பெண் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

ஐந்து வருஷம் இப்படியே போயிற்று. தேர்வுப் போட்டியில் முதல் இரண்டு பேருக்குத்தான் வெளிநாட்டுப் பெரும்போட்டிக்குப் போகும் அணியில் இடம். அவள் இரண்டு முறை மூன்றாவதாக வந்திருந்தாள். அடுத்த தேர்வுக்கு இருபத்தேழு முடிந்துவிடும். இதை விட்டா இன்னொண்ணு கிடைக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன் என்று மாஸ்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதை அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் தெரியும். அந்த வருஷம் முழுக்க மூச்சு, தூக்கம், சாப்பாடு, சாப்பிடாதது எல்லாமே அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக வருவதற்குத்தான்.

வலி மலை முகாமில் ஆரம்பித்தது. இடது தொடை இடுப்போடு சேருமிடத்தில், ஆழத்தில். இறக்கத்தில் ஓடும்போது கடுகளவு தெரிந்தது, மறுவாரம் கட்டிலை விட்டு இறங்கும்போதே தெரிந்தது. ஓடுகிறவர்களுக்கு வலி புதிதில்லை. நல்ல வலி, கெட்ட வலி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். நல்ல வலி தசையில் பரவலாக இருக்கும், ஓட ஓடக் கரையும். கெட்ட வலி ஒரே இடத்தில் நிற்கும், ஓட ஓடக் கூடும். ஒருநாள் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இடதுகாலால் மட்டும் ஒரு முறை குதித்துப் பார்த்தாள். ஆணி இறங்கினது போலிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள். எந்த வலி என்று அவளுக்குத் தெரியும். பெரியக்காவிடம் மட்டும் சொன்னாள். தசை பிடித்திருக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடு என்றாள் அவள். அதைத்தான் கேட்க விரும்பினாள் போலிருக்கிறது, உடனே ஒப்புக்கொண்டாள்.

மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். கடிகாரமே காட்டிக்கொடுத்துவிட்டது. கீழே இறங்கி வந்த வாரம் எண்பது கேட்ட சுற்றில் எண்பத்திரண்டு வந்தது. அடுத்ததில் எண்பத்திமூன்று. மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மற்ற பெண்கள் ஒரு விநாடி, இரண்டு விநாடி முன்னே பின்னே வருவது சகஜம். இவளுக்கு வந்தால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்கூட்டரில் உட்காரவைத்து நேரே எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இளவயது டாக்டர், படத்தை வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். இந்த மாதிரி மெல்லிய விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அதுவரை ஓட வேண்டாம் என்றார். ஸ்கேனுக்குக் கிடைத்த நாள் தேர்வுப் போட்டிக்குப் பிந்தியது. விரிசலாக இருந்து, அதன்மேல் ஓடினால் தொடை எலும்பின் கழுத்து முறிந்து போகும் என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். பிறகு, எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“பீரியட்ஸ் மாசாமாசம் ஒழுங்கா வருதா?”

மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேள்வி காதில் விழுந்ததும் கூச்சப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு முகம் சுட்டது. அவர் எதிரில் அதை எப்படிச் சொல்வது? அதுவும் போக, இடுப்பு வலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

“வருது டாக்டர்.”

அப்படியானால் தசையாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். கொஞ்சம் தெம்பான குரலில்தான் சொன்னார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கொடுத்த பதிலை வைத்துத்தானே அவர் கணக்குப் போட முடியும்? ஐந்து வருஷமாக இல்லை என்று இவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பேனாவைக் கீழே வைத்திருப்பார், அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வைத்திருப்பார். அந்த ஒரு வார்த்தை வெட்கத்தில் போயிற்று.

ஆஸ்பத்திரி நடையில் மாஸ்டர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். அப்புறம், “உன் காலு. முடிவு நீதான் சொல்லணும்” என்றார்.

“தசைதான் மாஸ்டர். ஓடறேன்.”

போட்டி வரை தரையில் ஓடவிடவில்லை அவர். நீச்சல் குளத்தில், இடுப்பில் மிதவைப் பட்டை கட்டி, கால் தரையில் படாத ஆழத்தில் தண்ணீருக்குள்ளேயே ஓடவிட்டார். கரையில் நின்று விசில் அடிப்பார். ஆயிரம் மீட்டருக்கு ஆகும் நேரத்தை அவள் தண்ணீரிலும் அச்சுப் பிசகாமல் ஓடி முடிப்பாள். பாரம் விழாததால் வலி அடங்கியது. அடங்கின வலியைப் பார்த்து எல்லாருக்கும் உயிர் வந்தது. தசைதான் என்று மாஸ்டரே நம்ப ஆரம்பித்தார்.

போட்டி மாலை வேளையில். அம்மா அதுவரை மகள் ஓடி நேரில் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அப்பா பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு காலி வேனில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இருவரும் கம்பித் தடுப்பை ஒட்டி உட்கார்ந்தார்கள். மொத்தம் இருபத்தைந்து சுற்று. இத்தனை தடவையா சுத்துவாங்க, தலை சுத்தாதா என்று அம்மா கேட்டாளாம். அப்பா எண்ணிக்கொண்டே வந்தார்.

பத்துச் சுற்று வரை கடிகாரம் நாலாவதாக, உள்வட்டத்தில், சொல்லிவைத்தாற்போல் ஓடினாள். பத்துக்கு மேல் பழைய இடத்தில் வலி எட்டிப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பதினைந்தில் மூன்றாவதாக வந்தாள். முன்னால் போனவளின் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தாள். சோர்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. இவ்வளவு வருஷம் மூன்றாவதாக ஓடினவளுக்கு அது தெரியாமல் போகுமா? பத்தொன்பதாவது சுற்றின் தொடக்கத்தில் வெளிப்பக்கமாக விலகி, எதிர் நேர்ப்பாதையில் அவளைத் தாண்டி இரண்டாவதாக வந்தாள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார்.

வளைவில் திரும்பும்போது சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் ஓடினவள்கூடக் கேட்டேன் என்றாள். கடிகாரம் விழுந்தாள். உடனே எழுந்திருக்கப் பார்த்தாள், வலதுகால் வந்தது, இடதுகால் வரவில்லை. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. பின்னால் வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கித் தாண்டிப் போனார்கள். கைகளை ஊன்றி, இழுத்துக்கொண்டு, அவள் ஓடுதளத்தில் முன்னாலேயே நகர்ந்தாளாம். கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்து வந்து தோளைப் பிடித்து நிறுத்தியவர் மாஸ்டர். அவரிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: “இன்னும் எத்தனை பேர் முன்னாடி போயிட்டாங்க?”

அறுவை சிகிச்சை செய்து திருகாணிகள் வைத்தார்கள். அதற்குப் பிறகு பார்க்க வந்தது வேறு டாக்டர், வயதான அம்மாள். எலும்பின் கனத்தை அளந்து பார்த்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உன் அம்மா எலும்பு உன் எலும்பைவிடக் கெட்டியாக இருக்கும் என்றார். பிறகு அதே கேள்வியைக் கேட்டார். மகளுக்கு முன்னால் அம்மா முந்திக்கொண்டாள், அதெல்லாம் ஒழுங்கா வருதுங்க டாக்டர் என்று.

“இல்லம்மா. அஞ்சு வருஷமா இல்ல.”

அம்மா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரித் துணிகளில் ஊர்ப் பெண்களின் ரத்தத்தையெல்லாம் வெளுத்தவள், தன் வீட்டுப் பெண்ணுக்கு அது இல்லை என்பது தெரியாமல் இருந்திருக்கிறாள். டாக்டர் அம்மாள் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதாவிட்டால், உடம்பு உயிர் பிழைக்கத் தேவையில்லாததை ஒவ்வொன்றாக நிறுத்திவிடும். முதலில் நிறுத்துவது இதைத்தான். இதை நடத்துகிற அதே ஹார்மோன் சுரப்புதான் எலும்பையும் காக்கிறது. அது நின்றால் எலும்பு உள்ளுக்குள்ளேயே கரையும். ஐந்து வருஷமாகக் கரைந்திருக்கிறது. கடிகாரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கை தட்டினார்களே என்பதுதான் அவளுக்குத் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

மாஸ்டர் வந்தபோது இம்முறை வெட்கப்படாமல் சொல்லிவிட்டாள். முழுக்கச் சொன்னாள், அறையின் வழக்கத்தையும் சேர்த்து. அந்த மனிதர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீங்க கேக்கல மாஸ்டர்.”

அவர் எழுந்தார். வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார் என்று அப்பா பிற்பாடு சொன்னார். மறுவாரமே விடுதிப் பெண்கள் எல்லாரையும் டாக்டர் அம்மாளிடம் அனுப்பினார். ஒருத்தி மட்டும் போக மாட்டேன் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு பயிற்சியாளரிடம் போய்விட்டாள். பெரியக்கா ஆஸ்பத்திரிக்கே வந்து சண்டை போட்டாள். நாங்கெல்லாம் ஓடலையா, எங்களுக்கெல்லாம் காலு முறிஞ்சுதா என்று கத்தினாள். கத்தி முடித்துவிட்டுக் கதவருகில் நின்றாள். விடுதிக்கும் புருஷன் வீட்டுக்குமாக அலைகிறவள், கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் குழந்தை இல்லை அவளுக்கு. அந்த டாக்டர் எந்த அறையில் இருப்பார் என்று மெல்லக் கேட்டுக்கொண்டு போனாள்.

கால் கூடியது, ஆனால் இடதுகால் ஒரு விரல் அகலம் குட்டையாகிவிட்டது. நடக்கலாம். வீட்டுப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடலாம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். கடிகாரம் விடுதியைக் காலி செய்து வீட்டுக்கு வந்தாள். முழு நாளும் மின்சார அலுவலக ஜன்னலில் உட்கார்ந்தாள். அம்மா மூன்று வேளையும் எதிரிலேயே உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டாள். தட்டின் ஓரத்துக்குத் தள்ளின சோற்றைத் திரும்ப நடுவுக்குத் தள்ளுவாள். முதல் மாதங்களில் ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. கன்னம் தூர்ந்தது, பழைய பாவாடை இடுப்பில் ஏறவில்லை. தெருவில் பார்க்கிறவர்கள், இப்பத்தான் பொண்ணு மாதிரி இருக்கா என்றார்கள்.

விழுந்து பதினோரு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில், குளியலறையில் பார்த்தாள். வந்திருந்தது.

எல்லாம் தெரிந்தவள் அவள். டாக்டர் அம்மாள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தலைகீழாகக் கேட்டாலும் சொல்வாள். இது நல்லது, எலும்பு இனிமேல் கரையாது, உடம்பு பிழைத்துக்கொண்டது என்றெல்லாம் அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பார்த்த கணத்தில் அவளுக்குள் முதலில் எழுந்தது அவமானம். போச்சு, எல்லாம் போச்சு, இத்தனை வருஷம் உழைத்துச் சேர்த்ததெல்லாம் போய்விட்டது, திரும்பக் குண்டாகி, திரும்பச் சாதாரணமாகிவிட்டேன் என்றுதான் நினைத்தாள். வாளியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

வெகுநேரம் ஆகியும் வராததால் அம்மா கதவைத் தட்டினாள். திறந்ததும் ஒரு பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. தெய்வமே என்று மகளைக் கட்டிக்கொண்டு, ஈரப் புடவையோடு அவளும் தரையில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வந்துடுச்சாடி? அழாதடி கண்ணு. இதுக்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம்.”

மகள் விம்மி விம்மி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை.